வளைவுக்கு வெளியே நிற்கும் பஸ்

ஜனவரி 3, புதன்

உரக்கடையில் புது வருட டைரி கொடுத்தார்கள். அட்டையில் டிராக்டர் பளபளக்கிறது, உள்ளே தாள் போன வருடத்தைவிட மட்டம். மழை, கரண்டு, பால், விதை, உரம், இவைதான் நான் எழுதுவது. வீட்டுக் கதையை எழுதும் பழக்கம் கிடையாது. ஆனால் இன்று ஒன்றை எழுதிவைக்கிறேன். நான் சொல்லாததைச் சொன்னதாகப் பிற்பாடு யாரும் பேசக்கூடாது.

சிப்காட் ஷூ கம்பெனியில் பெண்களை வேலைக்கு எடுக்கிறார்கள். என் மனைவி அமுதவள்ளி போகவேண்டும் என்கிறாள். பத்தாவது பாஸ் செய்திருக்க வேண்டும், முப்பத்திரண்டு வயது தாண்டக்கூடாது. அவளுக்கு வருகிற ஆனியோடு முப்பத்திரண்டு முடிகிறது.

"இந்தத் தடவ விட்டா அப்பறம் எனக்குக் கெடையாதுங்க" என்றாள்.

"இப்ப வூட்டுல என்ன கொறஞ்சி போச்சி?"

"ஒண்ணும் கொறையல. என் கையில ஒரு சம்பளம் வரணும். அவ்ளோதான்."

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. யோசிப்போம் என்றேன்.

காட்டு மோட்டாருக்குக் கரண்டு இந்த வருடம் காலை ஒன்பது மணிக்குத்தான் விடுகிறார்கள்.

ஜனவரி 7, ஞாயிறு

பெரியப்பா கூப்பிட்டனுப்பினார். அருணகிரி என்றால் சுற்றுவட்டாரத்தில் தெரியும். அப்பாவின் அண்ணன், ஊர்த் தலைவர். ஊர்த்தெருவில் அமுதாவோடு சேர்த்து நான்கு பெண்கள் கம்பெனிக்குப் பேர் கொடுக்கப் போகிறார்கள் என்று அவர் காதுக்குப் போயிருக்கிறது.

கம்பெனி பஸ் இப்போதும் வருகிறது. நான்கு வருடமாகக் காலனிப் பெண்கள் அதில்தான் போகிறார்கள். ஊர் நுழைவாயிலில் கட்டிய வளைவுக்கு வெளியே, காலனி முகப்பில் உள்ள ரேஷன் கடை வாசலில் நிற்கும். வளைவைத் தாண்டி உள்ளே வராது. எங்கள் ஊருக்குள் எந்தக் காலத்திலும் எந்த பஸ்ஸும் வந்ததில்லை.

"நம்ம பொம்பளைவோ காலனியில போயி நின்னு பஸ்ஸு ஏறணுமா? அதுவும் தோலத் தைக்கறதுக்கு?" என்றார் பெரியப்பா.

அவரே கொஞ்சநேரம் மீசையைத் தடவிவிட்டு ஒரு வழி சொன்னார்.

"பஸ்ஸு கோயில் வரைக்கும் உள்ள வரட்டும். நம்ம தெருவுலயே ஏறி நம்ம தெருவுலயே எறங்கட்டும். அப்பிடின்னா போவட்டும், நான் தடுக்கல."

நியாயமான யோசனை. கம்பெனிக்கு ஊர் சார்பில் ஆள் அனுப்பிப் பேசுவதாக முடிவு. வீட்டுக்கு வந்து அமுதாவிடம் சொன்னேன். "வளைவுல பஸ்ஸு நுழையுமா?" என்று கேட்டாள். நுழையும் என்றேன்.

ஜனவரி 16, செவ்வாய்

மாட்டுப் பொங்கல். கொம்புக்கு வர்ணம் அடித்தேன். பசு என் கையில் நிற்கவில்லை, அமுதா வந்து கழுத்தைப் பிடித்த பிறகுதான் நின்றது.

ஜனவரி 18, வியாழன்

அமுதா கம்பெனிக்குப் போய் வந்தாள். காலனி மேகலாவோடு போயிருக்கிறாள். இந்த மேகலா ஒரு காலத்தில் எங்கள் வெங்காயக் காட்டில் களை எடுத்தவள். இப்போது அந்தக் கம்பெனியில் சூப்பர்வைசர். வழியில் பார்த்தால் என்னை "அண்ணே" என்கிறாள். அவள் மாமியார் என் அப்பாவை வேறு மாதிரி கூப்பிடுவார்.

ஊசியில் நூல் கோர்க்கச் சொன்னார்களாம். தாளில் கோடு போட்டுக் கொடுத்து அதன்மேல் மிஷின் ஓட்டச் சொன்னார்களாம். அமுதா கோடு விலகாமல் ஓட்டியிருக்கிறாள். அதைச் சொல்லும்போது சாப்பாட்டுத் தட்டில் விரலால் கோடு போட்டுக் காட்டினாள். எங்கள் மகள் கனிஷ்கா ஏழாவது படிக்கிறாள். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து கோடு போட்டாள்.

எடுத்தால் போன் பண்ணிச் சொல்வார்களாம். என் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். வீட்டில் இருப்பது ஒரு போன்தான்.

சோளம் முற்றிவிட்டது. கதிர் ஒடிக்க ஆள் கேட்டுக் காலனிப் பக்கம் போனேன். இருக்கிறவர்கள் எல்லாம் கிழவிகள். மற்றவர்கள் கம்பெனிக்குப் போய்விட்டார்கள்.

ஜனவரி 20, சனி

கம்பெனியிலிருந்து பஸ்ஸை ஒத்திகை பார்க்க அனுப்பினார்கள். ஊரே வளைவடியில் நின்றது.

வளைவைப் பற்றி எழுதவேண்டும். முந்தின வருடம் ஊர்ப் பணத்தில் கட்டியது. கமிட்டிக்கு நான்தான் செயலாளர். உயரத்தை அளந்ததும் நான்தான். கோயில் சப்பரத்தை வெளியே எடுத்துவந்து நிறுத்தி, கலசத்துக்கு மேல் ஒரு முழம் விட்டுக் குறி போட்டேன். சாமி போகிற உயரத்துக்கு மேல் இந்த ஊருக்குள் வேறென்ன வரப்போகிறது என்றார் பெரியப்பா. எல்லாரும் சரி என்றார்கள். நடுவில் ஒரு சிமெண்டுத் தாமரை தொங்குகிறது. தூணில் எங்கள் பெயர்கள் இருக்கின்றன.

டிரைவர் இறங்கி அண்ணாந்து பார்த்தார். "இடிக்குமுங்க" என்றார்.

"வா வா, நான் சொல்றன்" என்று பெரியப்பா கையைக் காட்டினார்.

வந்தது. கூரையின் முன்பாகம் தாமரையில் பட்டு, தாமரை பெயர்ந்து பஸ் மேலேயே விழுந்தது. தாமரை போயும் வளைவு கூரைக்கு வழி விடவில்லை. கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள்.

"சாமி சப்பரமே போவுது, ஒன் பஸ்ஸு போவாதா?" என்று கத்தினார் பெரியப்பா.

"சாமிய நீங்க தோள எறக்கிக் கொண்டு போயிருவீங்க. பஸ்ஸு குனியாதுங்களே" என்றார் டிரைவர். தாமரையை எடுத்து ரோட்டோரம் வைத்துவிட்டுப் பின்னால் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் கோயிலில் கூடிப் பேசினோம். பஸ் உள்ளே வராதவரை ஊர்த்தெருப் பெண்கள் போவதில்லை என்று முடிவு. மற்ற மூன்று வீட்டிலும் சரி என்றுவிட்டார்கள். நானும் தலையாட்டினேன். எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். வேண்டாம் என்று நான் சொல்லவேண்டிய வேலையை வளைவு பார்த்துக்கொண்டது.

அமுதாவிடம் சொன்னேன். அவள் குழம்பைக் கிண்டிக்கொண்டே, "நான் ரேசன் கடையிலயே ஏறிக்கறன். மாசாமாசம் அரிசி வாங்க அங்கதான போயி நிக்கிறோம்?" என்றாள்.

அரிசி வேறு என்றேன். எப்படி வேறு என்று அவள் கேட்கவில்லை.

ஜனவரி 27, சனி

கதிர் ஒடித்தோம். அமுதா, நான், இரண்டு கிழவிகள். கனிஷ்கா பள்ளி லீவு என்பதால் வந்தாள். வெயிலில் நின்றால் கறுத்துவிடுவாய் என்று அமுதா அவளை நிழலுக்குத் துரத்தினாள்.

பெரியம்மா, அதாவது பெரியப்பாவின் மனைவி, காட்டு வழியே போகிறவர் நின்று பேசினார். "வயசுக்கு வரப்போற புள்ளய வச்சிக்கிட்டு ஆத்தாக்காரி வேலைக்குப் போவலாமா? திடீர்னு ஒண்ணுன்னா வூட்டுல ஆரு இருக்கா?" என்றார். அதுவும் யோசிக்கவேண்டியதுதான். என் அம்மா போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகிறது.

"நடக்கறப்ப நடக்கட்டும் அத்த" என்றாள் அமுதா.

பிப்ரவரி 1, வியாழன்

களத்தில் கதிர் காய்கிறது. மேகம் போடுகிறது, மழை வராமல் இருக்கவேண்டும். கதிரடிக்கும் மிஷினுக்குச் சொல்லியிருக்கிறேன்.

மதியம் புது எண்ணிலிருந்து போன். ஒரு பெண் மரியாதையாகப் பேசியது. அமுதவள்ளி வீடுங்களா, வர்ற திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லுங்க, வரலைன்னா அடுத்த ஆளை எடுத்துருவோம் என்றது. சரி என்றேன்.

தார்ப்பாய் ஒன்று கிழிந்திருக்கிறது. வேறு வாங்கவேண்டும்.

பிப்ரவரி 2, வெள்ளி

அமுதாவுக்குத் தலைவலி. இந்த நேரத்தில் எதையும் பேசவேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 4, ஞாயிறு

நேற்று வரவேண்டிய மிஷின் இன்று வந்தது. அமுதா முக்காடு போட்டுக்கொண்டு கதிரை அள்ளி அள்ளிப் போட்டாள். தூசியில் கண் இரண்டும் சிவந்துவிட்டது. மதியம் கறி எடுத்துவந்தேன். இவ்வளவு எதற்கு என்று கேட்டாள். உழைத்த உடம்புக்கு வேண்டாமா என்றேன்.

பிப்ரவரி 5, திங்கள்

மூட்டை பிடித்தோம். விடிகாலையில் ரேஷன் கடைப் பக்கம் பஸ் ஹாரன் கேட்டது. சாக்கின் வாயைத் தைத்துக்கொண்டிருந்த அமுதா நிமிர்ந்து அந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு தைத்தாள்.

பிப்ரவரி 9, வெள்ளி

மேகலா களத்துக்கே வந்துவிட்டாள். அமுதா பெயரைக் கம்பெனி வாசலில் கூப்பிட்டார்களாம், ஆள் இல்லையென்று பட்டியலில் அடித்துவிட்டு வேறு ஆளை எடுத்துக்கொண்டார்களாம்.

"போன் பண்ணித்தான் சொல்லியிருப்பாங்க. வரலியா அண்ணே?" என்று என்னைக் கேட்டாள்.

அமுதா மேகலாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். "போன் வந்துச்சாங்க?"

"வரலியே. களத்துல சிக்னல் எங்க இருக்கு? வந்துருந்தா எடுத்துருக்க மாட்டனா?"

முழுப் பொய் என்று சொல்லமுடியாது. களத்தில் சிக்னல் இருக்காது. அன்று என்னவோ இருந்தது.

பிப்ரவரி 12, திங்கள்

அமுதா சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசி, அதோடு முடிந்திருக்கும். சோறு போடுகிறாள், மாடு கறக்கிறாள், கனிஷ்காவுக்குத் தலை பின்னிவிடுகிறாள். என்னிடம் கேட்கவேண்டியதைக் கேட்கிறாள். தேவைக்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. ராத்திரி எல்லாம் முடித்துவிட்டுக் கதவைச் சாத்தும்போது மட்டும் கொஞ்சம் ஓசை அதிகம்.

கோயிலில் பெரியப்பா முதுகில் தட்டினார். "பொண்டாட்டிய வழிக்குக் கொண்டாந்துட்டியே" என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று தெரியவில்லை.

பயமாக இருக்கிறது என்று எழுதினால் யாருக்கு என்ன? நான் பயந்தது காலனிக்கோ தோலுக்கோ இல்லை. அவள் காலையில் கிளம்பிப் போனபிறகு இந்த வீடு எப்படி இருக்கும் என்று ஒருநாள் நினைத்துப் பார்த்தேன். அவ்வளவுதான்.

பிப்ரவரி 26, திங்கள்

"இன்னொரு பேட்ச் எடுக்கறாங்க. மார்ச் நாலாந்தேதி நான் சேர்றன்" என்றாள் அமுதா. கேட்கவில்லை, சொன்னாள்.

"போன் வந்துச்சா?" என்றேன்.

"வந்துச்சி" என்றாள்.

வீட்டுப் போன் காலையிலிருந்து என் சட்டைப்பையில் இருந்தது. எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 1, வெள்ளி

பெரியப்பா ஆள் அனுப்பும் முன்பே அமுதா நேராகக் கோயிலுக்குப் போய்விட்டாள். பின்னாலேயே நானும் போனேன். தாமரை இல்லாத வளைவைக் காட்டி அவர் ஊர்க்கட்டு, மானம், மரியாதை என்று வரிசையாகச் சொன்னார். அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்று கேட்டாள். அவர் முடித்ததும் சொன்னாள்:

"வளைவ இடிங்கன்னு நான் சொல்லல மாமா. பஸ்ஸுக்குத்தான் ஒசரம் பத்தல. எனக்குப் போதும்."

பெரியப்பா என் பக்கம் திரும்பினார். "என்னடா பழமலை, பாத்துக்கிட்டு நிக்கற?"

நான், "யோசிப்போம் பெரியப்பா" என்றேன். வாயில் வந்தது அதுதான்.

கரண்டு இந்த மாதமும் ஒன்பது மணிக்குத்தான்.

மார்ச் 4, திங்கள்

அமுதா வேலையில் சேர்ந்தாள். இருட்டில் எழுந்து சோறாக்கி, மாடு கறந்து, கனிஷ்காவுக்கு டிபன் கட்டி, ஆறு மணிக்கு முன்பே கிளம்பிவிட்டாள். தெருவிளக்கு வளைவோடு சரி. அதற்கு அப்பால் ரேஷன் கடை வரை இருட்டுதான்.

நான் மோட்டார் போட வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். அவள் முன்னால் நடந்தாள். அவசரம் ஒன்றும் இல்லாததால் மெதுவாகவே ஓட்டினேன். ரேஷன் கடை வாசலில் பத்துப் பதினைந்து பெண்கள் நின்றார்கள். மேகலா நகர்ந்து இடம் விட்டாள். பஸ் ஏறும்வரை வண்டி விளக்கை அணைக்கவில்லை, பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது.

திரும்பி வந்து படுத்தேன். தூக்கம் வரவில்லை.

மார்ச் 6, புதன்

சாயங்காலப் பால் கறப்பது இப்போது என் பொறுப்பு. அமுதா வீடு சேர ஏழாகிவிடுகிறது. பசு என்னை எட்டி உதைத்தது. பால் வரவில்லை. மடி கல்லாகிக் கிடக்கிறது.

மார்ச் 7, வியாழன்

இன்றும் உதை. முழங்காலில் வீக்கம். ஆடுற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடுற மாட்டைப் பாடிக் கறக்கணும் என்பார்கள். இது ஆடவும் இல்லை, பாடவும் இல்லை. அமுதா வேண்டும் என்கிறது.

மார்ச் 9, சனி

அமுதாவின் நைட்டியை என் சட்டைக்கு மேல் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். தலையில் அவள் துண்டு. மோந்து பார்த்துவிட்டுப் பசு பாலை இறக்கிவிட்டது. கனிஷ்கா வாசலில் நின்று விழுந்து விழுந்து சிரித்தாள். பால் சொசைட்டிக்காரன் அந்த நேரம் பார்த்துத்தானா வரவேண்டும்? "என்ன பழமலை, புதுப் பொண்ணா?" என்றான். மாடு யாரையும் ஏமாற்றவில்லை, நாமும் மாட்டை ஏமாற்றவில்லை, பழக்கம் அப்படி என்று சொன்னேன். அவனுக்குப் புரியவில்லை.

மார்ச் 22, வெள்ளி

அமுதா ஷூவின் நாக்குப் பகுதி தைக்கிறாளாம். அதற்கும் நாக்கு என்றுதான் பெயராம். மணிக்கு இத்தனை என்று கணக்கு வைத்திருக்கிறார்கள், குறைந்தால் எல்லார் முன்னாலும் திட்டு விழும். கழிப்பறைக்குப் போனாலும் நேரம் பார்க்கிறார்களாம். கழுத்தும் தோளும் இறுகிப்போய் வருகிறாள். விட்டுவிடேன் என்றேன். "களத்துல மட்டும் தோளு வலிக்கலயா?" என்றாள்.

ஏப்ரல் 7, ஞாயிறு

அவள் சம்பளம் அவள் பெயரில் பேங்கில் விழுகிறது. எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. டவுனுக்குப் போய்க் கனிஷ்காவுக்குச் செருப்பும் எனக்கு ஒரு டார்ச் லைட்டும் வாங்கிவந்தாள்.

"தெனம் பெட்ரோலு வீணாப் போவுது. இத அடிச்சிக்கிட்டு நடந்தே வாங்க" என்றாள்.

மோட்டார் போடப் போவதற்கு டார்ச் நல்லதுதான் என்றேன். கனிஷ்காவும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஊர்த்தெருவில் பேர் கொடுத்துவிட்டு நின்றுபோன மூன்று பேரில் ஒருத்தி, தெருக்கோடி வீட்டு மருமகள், அமுதாவிடம் வந்து அடுத்த பேட்ச் எப்போது என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஏப்ரல் 24, புதன்

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

முழுப்பரீட்சை லீவு. கனிஷ்கா வீட்டில் இருந்தாள். நான் தீவனம் வெட்டிப் போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வந்தேன். அறைக் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. கூப்பிட்டேன்.

"அம்மாவ வரச் சொல்லுப்பா" என்றாள் உள்ளேயிருந்து.

"ஏம்மா, வயித்து வலியா? கதவத் தொற."

"தொறக்க மாட்டன். அம்மாவ வரச் சொல்லு."

அழுதுகொண்டிருந்தாள். அந்தக் கதவுக்கு முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பிறகு புரிந்தது. புரிந்ததும் கதவை விட்டுப் பின்னால் வந்துவிட்டேன். இந்த நேரத்தில் பெற்ற அப்பன்கூட முகத்தைப் பார்க்கக்கூடாது என்பார்கள். அவள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் நின்றதுபோல இருந்தது. உள்ளே என் பிள்ளை, எனக்கு ஒன்றும் செய்யத் தெரியவில்லை.

"பெரியாயியக் கூட்டியாரட்டுமா?" என்றேன். பெரியப்பா வீட்டுப் பெரியம்மாவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"வேணாம்பா. அது ஊருக்கெல்லாம் சொல்லும். அம்மாதான் வேணும்."

அமுதாவிடம் தனியாகப் போன் இல்லை, தைக்கிறவர்கள் கம்பெனிக்குள் போன் கொண்டுபோகவும் முடியாது. என் போனை எடுத்தேன். பிப்ரவரியில் வந்த எண் அதிலேயே இருந்தது. அழைத்தேன். அதே பெண்தான் பேசியது.

"அமுதவள்ளின்னு, உங்க கம்பெனியில தைக்கறாங்க. அவசரமா வீட்டுக்கு அனுப்பணும்" என்றேன்.

"நீங்க யாருங்க பேசறது?"

"வீட்டுக்காரர்."

தாள் புரட்டும் ஓசை கேட்டது. பிறகு, "இந்த நம்பர் அவங்க குடுத்தது இல்லீங்களே. அவசரத்துக்கு அவங்க அக்கா நம்பர்தான் குடுத்துருக்காங்க. யார் யாரோ கூப்புட்டு ஆள அனுப்பச் சொன்னா அனுப்ப முடியாதுங்க" என்றது.

"அவளுக்கு அக்கா கெடையாதும்மா. ஒரே ஒரு தம்பி, திருப்பூருல இருக்கான்."

"இருக்காங்க சார். மேகலான்னு, இங்க சூப்பர்வைசர். அவங்க வந்து சொன்னா உடனே அனுப்பிருவோம். நம்பர் சொல்றன், எழுதிக்கறீங்களா?"

பேனா கையில் இல்லை. அடுப்புக் கரியால் மாட்டுக்கொட்டகைச் சுவரில் எழுதினேன். ஒரு எண்ணை அழித்து மறுபடி எழுதினேன்.

மேகலா உடனே எடுத்தாள். "சொல்லுங்க அண்ணே" என்றாள். இந்தச் செய்தியை முதலில் தாய்மாமனுக்குச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் அத்தைக்குச் சொல்லவேண்டும். நான் காலனி மேகலாவுக்குச் சொல்கிறேன்.

"பாப்பா... கதவத் தொறக்க மாட்டங்குது. அம்மா வேணுங்குது" என்றேன்.

அவளுக்கு அதற்கு மேல் சொல்லவேண்டியிருக்கவில்லை. "நல்ல விசயந்தான அண்ணே, எதுக்குப் பதறுறீங்க? அமுதாவ அனுப்பிருவன். மொதல்ல போனப் பாப்பாகிட்டக் குடுங்க" என்றாள்.

ஜன்னல் வழியாகக் கையை மட்டும் விட்டுப் போனை வைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உள்ளே கனிஷ்கா விசும்பல் குறைந்து பேசுவது கேட்டது.

"ம்... பீரோவுல இருக்கு... ம்... சரிங்க பெரியம்மா."

மேகலாவைப் பெரியம்மா என்று கூப்பிடுகிறாள். எப்போதிருந்து கூப்பிடுகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. இந்த வீட்டில் எனக்குத் தெரியாமல் ஒரு உறவே முளைத்திருக்கிறது. அமுதா வேலைக்குப் போகும் முன்பு என்னால் தாங்கமுடியாது என்று நினைத்ததெல்லாம் இதுதான். தாங்கத்தான் செய்தேன்.

கொட்டகையில் உட்கார்ந்திருந்தேன். கம்பெனி வேன் ஒன்று, சின்னது, வளைவுக்குள் நுழைந்து நேராக எங்கள் வாசலுக்கு வந்தது. தாமரை இல்லாத இடத்தில் அண்ணாந்துகூடப் பார்க்காமல் வந்தான் வேன் டிரைவர். கோயில் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். பெரியப்பாவும் இருந்தார்.

அமுதா கம்பெனி மேல்சட்டையோடு இறங்கினாள். என்னைத் தாண்டி உள்ளே போனாள். தாழ்ப்பாள் திறக்கும் ஓசை கேட்டது. பிறகு இரண்டு பேரும் அழுவது கேட்டது, அப்புறம் சிரிப்பு.

ஏப்ரல் 25, வியாழன்

மச்சான் திருப்பூரிலிருந்து வந்துவிட்டான். பச்சை ஓலை வெட்டிவந்து குடிசை கட்டினான். பெரியப்பா வீட்டுப் பெரியம்மாதான் முதல் தண்ணீர் ஊற்றினார். ஊற்றும்போதே, "ஆத்தாக்காரி இல்லாத நேரம் பாத்தா ஆவணும்" என்று ஒருதரம் சொல்லிக்கொண்டார்.

பெரியப்பா வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். காபி கொடுத்தேன்.

"சேதிய மொதல்ல யாருக்குடா சொன்ன?"

"மேகலாவுக்கு" என்றேன். பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை.

அவர் காபியைப் பாதி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

சாயங்காலம் மேகலாவும் இன்னும் மூன்று பெண்களும் பஸ்ஸை விட்டு இறங்கிய கையோடு தட்டு வரிசையோடு வந்தார்கள். வாசலில் ஒரு நிமிடம் நின்றார்கள். நான் "உள்ள வாங்க" என்றேன். ஒரு தடவை சொன்னது போதவில்லை, இரண்டாவது தடவையும் சொன்னேன். வந்தார்கள்.

எல்லாரும் போனபிறகு அமுதா முற்றத்தில் உட்கார்ந்து புட்டுக்கு உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மூன்று நாள் லீவு கொடுத்திருக்கிறார்கள். சுவரில் கரியால் எழுதிய எண்ணைப் பார்த்தாள்.

"இது மேகலாக்கா நம்பரு. யாரு குடுத்தா?"

"கம்பெனியில கேட்டு வாங்குனன்."

"கம்பெனி நம்பரு ஏது ஒங்களுக்கு?"

உளுந்து புடைக்கும் ஓசை நின்றுவிட்டது.

"போன்லயே இருந்துச்சி" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். களத்தில் அன்று பார்த்த அதே பார்வை. அன்றைக்குப் போல நான் சிக்னலைச் சொல்லவில்லை. அவள் கீழே சிதறிய உளுந்தைப் பொறுக்கிப் போட்டுவிட்டு முறத்தை மறுபடி எடுத்தாள்.

"இருக்கட்டும். அழிச்சிராதீங்க" என்றாள்.

அழிக்கவில்லை. போனில் இருந்த கம்பெனி எண்ணுக்கு இத்தனை நாளும் பெயர் போடாமலே வைத்திருந்தேன். இன்று போட்டேன். அமுதா கம்பெனி.